நேரலை ஒளிபரப்புக்கு எச்டி கேமரா தேர்வு: முழுமையான வழிகாட்டி

நேரலைக்குக் கேமரா வாங்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் கேமராவிலிருந்தே தொடங்குகிறார்கள். எந்த மாடல், எத்தனை மெகாபிக்சல், 4கே உண்டா என்று தேடி வாங்கி மாட்டிப் பார்த்தால், பழைய வெப்கேமுக்கு இது கொஞ்சம் தேவலை என்ற அளவில்தான் படம் இருக்கும். லென்ஸுக்குள் போன படம் பார்வையாளரின் திரைக்குப் போய்ச் சேர்வதற்குள் சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு), கேபிள், கேப்சர் கார்டு (கேமராவின் படத்தைக் கணினிக்குள் வாங்கும் கருவி), என்கோடர் (படத்தைச் சுருக்கும் பகுதி), இணைய இணைப்பு என்று பல இடங்களைக் கடக்கிறது. இவற்றில் எது மிகக் குறுகலாக இருக்கிறதோ, அதுதான் படத்தின் தரத்தை முடிவு செய்யும். மெகாபிக்சல் கணக்கு நிழற்படத்துக்கு உரியது. 1080பி (1920×1080) வீடியோவில் ஒரு ஃபிரேமுக்கு (வீடியோவின் ஒரு தனிப் படத்துக்கு) இருப்பது ஏறத்தாழ 21 லட்சம் புள்ளிகள், அதாவது 2 மெகாபிக்சல்தான்.

அதனால் இந்த வழிகாட்டி பார்வையாளர் பக்கத்திலிருந்து பின்னோக்கி வருகிறது. முதலில் இணையம், பிறகு வெளிச்சம், அதன் பிறகே கேமரா. இந்த வரிசையில் முடிவெடுத்தால் தேவையில்லாத பொருள் எதையும் வாங்க மாட்டீர்கள்.

படி 1: அப்லோடு வேகத்தை அளந்து, எந்தத் தெளிவில் அனுப்புவது என்று முடிவு செய்யுங்கள்

நேரலை நடத்தப்போகும் அதே நேரத்தில், வெவ்வேறு நாட்களில், கணினியை ஈதர்நெட் கேபிளில் இணைத்து வேகச் சோதனை செய்யுங்கள். டவுன்லோடு எண்ணைப் பார்க்க வேண்டாம், அப்லோடு எண்தான் வேண்டும். கிடைத்தவற்றில் மிகக் குறைந்ததை எடுத்துக்கொண்டு, அதில் 60 முதல் 70 சதவீதத்தை மட்டுமே ஒளிபரப்புக்கு ஒதுக்குங்கள். மீதி, வேகம் திடீரென்று இறங்கும்போது தாங்கிக்கொள்ள. 10 எம்பிபிஎஸ் அப்லோடு இருந்தால் உங்கள் பிட்ரேட் (நொடிக்கு அனுப்பும் டேட்டா) 6,000 கேபிபிஎஸ், அதாவது 6 எம்பிபிஎஸ். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

தளங்களுக்கும் வரம்பு உண்டு. ட்விட்ச் பொதுவாகப் பரிந்துரைப்பது 6,000 கேபிபிஎஸ் வரை. யூடியூபுக்கு 1080பி படத்தை 10,000 கேபிபிஎஸ் அளவிலும் அனுப்பலாம். 6,000 கேபிபிஎஸில் ஒரு மணி நேரம் ஒளிபரப்பினால் 2.7 ஜிபி டேட்டா செலவாகும். டேட்டா வரம்புள்ள இணைப்பு என்றால் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இந்தப் பிட்ரேட்டை எத்தனை புள்ளிகளுக்குப் பங்கிடப்போகிறீர்கள் என்பதுதான் அடுத்த கேள்வி. நொடிக்கு 60 ஃபிரேம் உள்ள 1080பி படத்தில் நொடிக்கு 12 கோடியே 44 லட்சம் புள்ளிகள். 30 ஃபிரேம் என்றால் அதில் பாதி. 720பி 60 ஃபிரேம் என்றால் சுமார் 5 கோடியே 53 லட்சம். அதே 6,000 கேபிபிஎஸை இரண்டு மடங்கு புள்ளிகளுக்குப் பிரித்தால், ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைப்பது பாதிதான். உட்கார்ந்து பேசுகிற, பாடம் நடத்துகிற, பாடுகிற நிகழ்ச்சிக்கு 1080பி 30 ஃபிரேம் சரியான தேர்வு. நடனம், உடற்பயிற்சி, வேகமான விளையாட்டு என்றால், குறைந்த பிட்ரேட்டில் 1080பி 60 அனுப்பிக் கட்டம் கட்டமாக உடைவதைவிட 720பி 60 நன்றாக இருக்கும்.

4கே கேமரா அப்படியானால் வீணா? ஒளிபரப்பு 1080பி என்றாலும் அதற்கு ஒரு நல்ல உபயோகம் இருக்கிறது. 3840×2160 படத்துக்குள் 1920×1080 அளவில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தால், ஒரே கேமராவில் தூரக் காட்சி ஒன்றும் நெருக்கக் காட்சி ஒன்றும் தெளிவு குறையாமல் கிடைக்கும். இந்தத் தேவை இல்லாதவர்கள் 4கேவுக்காகக் கூடுதல் செலவு செய்ய வேண்டியதில்லை.

என்கோடரைப் பற்றிச் சுருக்கமாக. கணினியில் 2018இல் வந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 20 வரிசையோ அதற்குப் பிந்தைய கார்டோ இருந்தால், அதில் உள்ள என்வென்க் என்கோடரையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் இன்டெல் பிராசசரில் உள்ள குவிக் சிங்க். இப்படி எந்த வன்பொருள் என்கோடரும் இல்லாத கணினியில் எக்ஸ்264 என்ற மென்பொருள் என்கோடர் முழுச்சுமையையும் பிராசசர் மீது ஏற்றும். அந்த நிலையில் 60 ஃபிரேமை மறந்துவிடுங்கள். எந்த என்கோடராக இருந்தாலும் பிட்ரேட் முறை சிபிஆர் (மாறாத பிட்ரேட்), கீஃபிரேம் (முழுதாக அனுப்பப்படும் ஃபிரேம்) இடைவெளி 2 நொடி.

படி 2: வெளிச்சத்தை அமையுங்கள்

கேமராவுக்கு முன்பே விளக்கு வாங்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வெளிச்சம் குறைந்தால் கேமரா ஐஎஸ்ஓ எனப்படும் ஒளி உணர்திறனைக் கூட்டும், படத்தில் புள்ளிப்புள்ளியாக இரைச்சல் வரும். அந்த இரைச்சல் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறிக்கொண்டே இருப்பதால், என்கோடர் அதையும் அசைவு என்றே எடுத்துக்கொள்ளும். உங்கள் முகத்துக்குப் போக வேண்டிய பிட்ரேட் பின்சுவரின் இரைச்சலுக்குப் போய்விடும். இருட்டு அறையில் விலை உயர்ந்த கேமராகூட மங்கலாகத் தெரிவது இதனால்தான். நல்ல வெளிச்சத்தில் ஒரு சாதாரண வெப்கேம் கூர்மையாகத் தெரிவதும் இதனால்தான்.

வெப்கேமில் இன்னொரு தொல்லையும் உண்டு. வெளிச்சம் போதாவிட்டால் பல வெப்கேம்கள் ஷட்டரை அதிக நேரம் திறந்து வைப்பதற்காக ஃபிரேம் ரேட்டை 30லிருந்து 15க்கு இறக்கிவிடும். கையை அசைத்தால் பேய் மாதிரி இழுபடும். கேமரா பழுது என்று நினைத்து மாற்றுகிறவர்கள் பலர். மாற்ற வேண்டியது விளக்கை.

வைக்க வேண்டிய முறை இது:

முதன்மை விளக்கு: முகத்துக்கு 45 டிகிரி பக்கவாட்டில், கண் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, சுமார் 1 மீட்டர் தூரத்தில். 60 சென்டிமீட்டர் அளவுள்ள சாஃப்ட்பாக்ஸோ அகலமான எல்இடி பேனலோ போதும். விளக்கின் பரப்பு பெரிதாகவும் முகத்துக்கு அருகிலும் இருக்க இருக்க நிழல் மென்மையாகும். சிறிய விளக்கை இரண்டு மடங்கு தூரத்துக்குத் தள்ளினால் முகத்தில் விழும் ஒளி நான்கில் ஒரு பங்காகும் என்பதையும் மனதில் வையுங்கள்.

நிரப்பு விளக்கு: மறுபக்கத்தில், முதன்மை விளக்கின் பாதி அளவு வெளிச்சம். வெள்ளைத் தெர்மாகோல் பலகை ஒன்றை மறுபக்கம் நிறுத்தினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பின்விளக்கு: தலைக்குப் பின்னால், மேலிருந்து, கேமராவில் விழாதபடி. கருப்பு முடியும் இருண்ட பின்னணியும் ஒன்றோடொன்று கலந்து போகாமல் இது பிரித்துக்காட்டும்.

வாங்கும்போது சிஆர்ஐ (நிறங்களை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 95 அல்லது அதற்கு மேல் உள்ளதாகப் பாருங்கள். சிஆர்ஐ குறைந்த விளக்கில் சிவப்பு சரியாக வராது, தோல் நிறம் பச்சையோ சாம்பலோ அடிக்கும். எல்லா விளக்கும் ஒரே நிறவெப்பத்தில் (ஒளி மஞ்சளா நீலமா என்பதன் அளவு) இருக்க வேண்டும், 5600 கெல்வின் என்றால் எல்லாமே 5600. ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கம், மஞ்சள் பல்பு மறுபக்கம் என்றால் எந்த ஒயிட் பேலன்ஸும் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் கேமரா அமைப்பு) இரண்டையும் ஒருசேரச் சரி செய்யாது. ஜன்னலுக்குத் திரை போடுங்கள், அறை விளக்கை அணையுங்கள், கணினித் திரையின் வெளிச்சத்தையும் குறையுங்கள். அதன் நீலம் கன்னத்தில் அப்படியே தெரியும்.

மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் வளைய விளக்கை நேர் எதிரே வைக்கக் கூடாது. விளக்கை இன்னும் உயர்த்தி, இன்னும் பக்கமாக நகர்த்துங்கள். கண்ணாடியில் விளக்கின் பிம்பம் மறையும் இடம் வரும்வரை நகர்த்திப் பார்ப்பதுதான் வழி.

படி 3: வெப்கேமா, மிரர்லெஸா, போனா?

மிரர்லெஸ் என்பது உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா. சென்சாரின் அளவில்தான் இவற்றின் உண்மையான வேறுபாடு இருக்கிறது. மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் உள்ள ஏபிஎஸ்-சி சென்சார் சுமார் 23.5×15.6 மில்லிமீட்டர். 1/2.5 அங்குலம் என்று சொல்லப்படும் சிறிய சென்சாரின் பரப்பை அதோடு ஒப்பிட்டால் ஏபிஎஸ்-சி ஏறத்தாழ 15 மடங்கு பெரியது. பெரிய சென்சார் அதிக ஒளி வாங்கும், இரைச்சல் குறையும், பின்னணி இயல்பாகவே மங்கும்.

ஆனாலும் எல்லோருக்கும் மிரர்லெஸ் தேவை இல்லை. ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, நல்ல விளக்கோடு, திரையின் ஒரு மூலையில் சிறிய கட்டத்தில் முகம் காட்டுகிறவருக்கு வெப்கேமே சரியானது. செருகினால் ஓடும், சூடாகாது, பேட்டரி தீராது. முழுத் திரையிலும் நீங்கள்தான் தெரிவீர்கள் என்றால், அல்லது பொருளைக் கையில் எடுத்து நெருக்கமாகக் காட்ட வேண்டும் என்றால், மிரர்லெஸ் பக்கம் போகலாம். இரண்டுக்கும் நடுவில் பெரிய சென்சார் வெப்கேம்களும் வந்துவிட்டன. 2023இல் வந்த ரேசர் கியோ புரோ அல்ட்ராவில் 1/1.2 அங்குல சென்சார் இருக்கிறது.

கையில் நல்ல போன் இருந்தால் முதலில் அதைச் சோதியுங்கள். ஐபோனும் மேக்கும் வைத்திருப்பவர்களுக்கு 2022இல் வந்த மேக்ஓஎஸ் வென்ச்சுராவிலிருந்தே கன்டினியுட்டி கேமரா வசதி இருக்கிறது. பின்பக்கக் கேமராவைப் பயன்படுத்துங்கள், போனைச் சார்ஜரில் வையுங்கள், உறையைக் கழற்றிவிடுங்கள். நீண்ட ஒளிபரப்பில் போன் சூடாகித் திரையை மங்கலாக்குவதும் ஃபிரேமைக் குறைப்பதும் உண்டு. அதனால் தினமும் மூன்று மணி நேரம் ஒளிபரப்புகிறவருக்குப் போன் நிரந்தரத் தீர்வு ஆகாது.

வெப்கேம் வாங்கும்போது பெட்டியில் எழுதியிருக்கும் 1080பியை அப்படியே நம்ப வேண்டாம். சில மலிவுக் கேமராக்கள் சிறிய படத்தை எடுத்துச் செயற்கையாகப் பெரிதாக்கி அனுப்புகின்றன. அச்சடித்த சிறிய எழுத்துள்ள பக்கத்தைக் கேமரா முன் பிடித்து, 720பியிலும் 1080பியிலும் மாற்றிப் பாருங்கள். 1080பியில் எழுத்து இன்னும் தெளிவாகவில்லை என்றால் அந்த எண் வெறும் பெயருக்குத்தான்.

யூஎஸ்பி வகையையும் கேளுங்கள். சுருக்காத 1080பி 30 ஃபிரேம் படத்துக்கு, ஒரு புள்ளிக்கு 16 பிட் என்ற கணக்கில், நொடிக்கு ஏறத்தாழ 995 மெகாபிட் வேண்டும். யூஎஸ்பி 2.0 தருவது அதிகபட்சம் 480. எனவே யூஎஸ்பி 2.0 வெப்கேம் எதுவானாலும் படத்தை எம்ஜெபெக் போன்ற முறையில் சுருக்கித்தான் அனுப்பும், அதைக் கணினி விரித்து மறுபடி சுருக்கும். இருமுறை சுருக்கிய படத்தில் முடி, துணி நெசவு போன்ற நுண்மைகள் குழம்பும். 5 ஜிபிபிஎஸ் தரும் யூஎஸ்பி 3.0இல் சுருக்காத 1080பி 60 தாராளமாகப் போகும். 2021இல் வந்த எல்காட்டோ ஃபேஸ்கேம் இந்த வகையைச் சேர்ந்தது. ஆனால் அது நிலையான ஃபோகஸ் கொண்டது, பொருளை லென்ஸுக்கு அருகே கொண்டுவந்து காட்டுகிறவர்களுக்கு ஒத்துவராது.

இரண்டு வெப்கேம் வைத்திருப்பவர்கள் இரண்டையும் ஒரே ஹப்பில் செருகக் கூடாது. யூஎஸ்பி கடத்தும் திறனில் தனக்கு வேண்டிய பங்கைக் கேமரா முன்கூட்டியே ஒதுக்கிக்கொள்ளும். இரண்டாவதற்கு மிச்சம் இல்லையென்றால் அது கருப்புத் திரையாகவே நிற்கும். கணினியின் வெவ்வேறு போர்ட்டுகளில் நேரடியாகச் செருகுங்கள்.

படி 4: மிரர்லெஸ் கேமரா என்றால் இவற்றை உறுதி செய்த பிறகே வாங்குங்கள்

நிழற்படத்துக்குப் புகழ்பெற்ற கேமரா நேரலையில் காலை வாரிவிடலாம். விற்பவரிடம் கேட்பதோடு நிற்காமல், அந்த மாடலின் பயனர் கையேட்டைப் பதிவிறக்கி ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

சுத்தமான எச்டிஎம்ஐ வெளியீடு. ஐஎஸ்ஓ எண், பேட்டரிக் குறி, முகத்தைச் சுற்றும் கட்டம் எதுவும் இல்லாமல் படம் மட்டும் வெளியே வர வேண்டும். மெனுவில் எச்டிஎம்ஐ தகவல் காட்டுவதை நிறுத்தும் வசதி இருக்க வேண்டும். சில மாடல்களில் அதை நிறுத்தினாலும் ஃபோகஸ் கட்டம் மட்டும் போகாது.

தொடர்ந்து எவ்வளவு நேரம் நிற்கும்? பழைய மாடல்களில் பலவற்றுக்குப் பதிவு 29 நிமிடம் 59 நொடியில் நின்றுவிடும். பதிவு செய்யாமல் வெறும் எச்டிஎம்ஐ வழியாக அனுப்பும்போது இந்த வரம்பு பெரும்பாலும் பொருந்தாது. ஆனால் சில கேமராக்கள் லைவ் வியூவையே (திரையில் தெரியும் நேரடிப் படம்) அரை மணியில் அணைத்துவிடும். தானாக அணையும் அமைப்பை முற்றிலும் நிறுத்த முடிகிறதா என்று பாருங்கள்.

மின்சாரம். உள்ளே இருக்கும் பேட்டரியை நம்பி நேரலை நடத்த முடியாது. யூஎஸ்பி சி வழியாக மின்சாரம் வாங்கிக்கொண்டே இயங்குமா, அல்லது டம்மி பேட்டரி கிடைக்குமா? டம்மி பேட்டரி என்பது பேட்டரி வடிவ உறை, அதிலிருந்து ஒரு கம்பி அடாப்டருக்குப் போகும். மலிவான டம்மியில் வரும் சிக்கல் எல்லோரையும் குழப்பும்: கேமரா சும்மா இருக்கும்போது நன்றாக ஓடும், லென்ஸ் ஃபோகஸ் தேடத் தொடங்கியதும் மின்தேவை கூடி, வோல்டேஜ் இறங்கி, கேமரா அணைந்துவிடும். கேமரா நிறுவனத்தின் அடாப்டரையோ, போதிய ஆம்பியர் தரும் நல்ல அடாப்டரையோ வாங்குங்கள்.

வெப்பம். திருப்பும் திரையைக் கேமரா உடலிலிருந்து விரித்து வையுங்கள், உள்ளே பதிவு செய்ய வேண்டாம். பல சோனி கேமராக்களில் வெப்பத்தால் அணையும் வரம்பை உயர்த்தும் தேர்வு மெனுவில் இருக்கிறது. அதை ‘ஹை’யில் வையுங்கள்.

எச்டிஎம்ஐ துளை. முழு அளவு, மினி, மைக்ரோ என்று மூன்று உண்டு. மைக்ரோ துளை மிகவும் பலவீனமானது, தொங்கும் கேபிளின் எடையிலேயே தளர்ந்துவிடும். மைக்ரோவைத் தவிர்க்க முடியாவிட்டால், கேபிளைக் கேமராவோடு இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் உள்ள கேஜ் ஒன்றைப் போடுங்கள். இந்தச் சின்ன உலோகச் சட்டம் ஒரு மதர்போர்டு மாற்றும் செலவை மிச்சப்படுத்தும்.

ஆட்டோஃபோகஸ். ஃபேஸ் டிடெக்ஷன் (Phase Detection, ஒளியின் கட்ட வேறுபாட்டை வைத்து ஃபோகஸ் தேடும்) முறையும் முகத்தைக் கண்டறியும் வசதியும் உள்ளதே வேண்டும். கான்ட்ராஸ்ட் முறையில் மட்டும் இயங்கும் கேமராக்கள் முன்னும் பின்னும் போய்த்தான் ஃபோகஸைக் கண்டுபிடிக்கும். அந்தத் தடுமாற்றம் நேரலையில் எல்லோருக்கும் தெரியும். சோனி இசட்வி-இ10 போன்றவற்றில் பொருளைக் காட்டும்போது முகத்தை விட்டுப் பொருளுக்கு ஃபோகஸ் தாவும் தனி முறையே இருக்கிறது. விற்பனை நேரலை செய்பவர்களுக்கு இது பெரிய வசதி.

கேப்சர் கார்டு இல்லாமல் யூஎஸ்பி வழியாகவே வெப்கேம் போல இயங்கும் கேமராக்கள் இப்போது நிறைய. கேனன், சோனி ஆகியவை 2020இல் தங்கள் கேமராக்களுக்கென வெப்கேம் மென்பொருளும் வெளியிட்டன. வசதிதான், ஆனால் எந்தத் தெளிவில் அனுப்புகிறது என்று பாருங்கள். முதல் இசட்வி-இ10 யூஎஸ்பியில் 720பி 30 ஃபிரேம் மட்டுமே தரும். அதே கேமரா எச்டிஎம்ஐயில் முழு 1080பி தரும்.

படி 5: லென்ஸைக் கணக்குப் போட்டு வாங்குங்கள்

எந்த லென்ஸ் என்று ஊகிக்க வேண்டியதில்லை. ஒரு டேப்பை எடுத்துக் கேமரா நிற்கும் இடத்திலிருந்து உங்கள் முகம்வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு இந்தக் கணக்கு: காட்சியின் அகலம் = தூரம் × சென்சார் அகலம் ÷ குவியத் தூரம் (லென்ஸின் மில்லிமீட்டர் எண்). ஏபிஎஸ்-சி சென்சாரில் 1 மீட்டர் தூரத்தில் 16 மில்லிமீட்டர் லென்ஸ் 1.47 மீட்டர் அகலம் காட்டும், 23 மில்லிமீட்டர் ஏறத்தாழ 1 மீட்டர், 30 மில்லிமீட்டர் 78 சென்டிமீட்டர். தலையும் தோளும் மட்டும் வேண்டும் என்றால் 80 சென்டிமீட்டர் முதல் 1 மீட்டர் அகலம் சரியாக இருக்கும். கீபோர்டோ வீணையோ சேர்ந்து தெரிய வேண்டும் என்றால் ஒன்றரை மீட்டர் வேண்டும்.

4கேயில் சில கேமராக்கள் சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தும், அப்போது காட்சி இன்னும் குறுகும். வாங்கும் முன் இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேமரா முகத்துக்கு 60 சென்டிமீட்டருக்குள் வந்தால் மூக்கு பெரிதாகவும் காது பின்வாங்கியும் தெரியும். இது லென்ஸின் குறை அல்ல, தூரத்தின் விளைவு. அதனால் இடம் இருந்தால் கேமராவைக் கொஞ்சம் பின்னே தள்ளி, சற்று நீளமான லென்ஸ் போடுவது முகத்துக்கு நல்லது.

எஃப் எண் என்பது லென்ஸ் துளையின் அளவு, எண் சிறிதானால் துளை பெரிது. எஃப் 1.4 லென்ஸ் வாங்கியவர்கள் அதை 1.4லேயே திறந்து வைக்க விரும்புவார்கள். ஏபிஎஸ்-சியில் 30 மில்லிமீட்டர், 1 மீட்டர் தூரம், எஃப் 1.4 என்றால் தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 6 சென்டிமீட்டர். கண் கூர்மையாக இருந்தால் காது மங்கிவிடும், கொஞ்சம் முன்னே குனிந்தால் எல்லாமே மங்கிவிடும். எஃப் 2.8இல் ஆழம் 12 சென்டிமீட்டர், எஃப் 4இல் 17. நேரலைக்கு 2.8 முதல் 4 வரை வைத்துக்கொண்டு, குறையும் ஒளியை விளக்கில் ஈடுகட்டுங்கள்.

படி 6: கேப்சர் கார்டும் கேபிளும்

விரல் அளவில் யூஎஸ்பி முனையோடு வரும் மலிவுக் கேப்சர் கார்டுகளில் பல எம்எஸ்2109 என்ற சில்லைக் கொண்டவை. அட்டையில் 4கே, 60 ஃபிரேம் என்று அச்சிட்டிருக்கும். அந்தச் சில்லு இயங்குவது யூஎஸ்பி 2.0இல், எனவே 1080பியை எம்ஜெபெக்காகச் சுருக்கித்தான் தரும். அவசரத்துக்கு உதவும், தொழிலுக்கு உதவாது. யூஎஸ்பி 3.0 கார்டு வாங்குங்கள். எல்காட்டோ கேம் லிங்க் 4கே போன்றவை 1080பி 60 வரையும் 4கே 30 வரையும் எடுக்கும். வாங்கிய பிறகு நீல நிறப் போர்ட்டிலோ ‘எஸ்எஸ்’ குறியுள்ள போர்ட்டிலோ செருகுங்கள். தவறிப்போய் யூஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகினால் பட்டியலில் சில தெளிவுகள் காணாமல் போகும், அல்லது கார்டு வேலையே செய்யாது.

மாட்டியதும் இரண்டு விஷயங்களைச் சரி பாருங்கள்.

முதலாவது, ஃபிரேம் ரேட். கேமராவில் பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறை இருந்தால் அது 25 அல்லது 50 ஃபிரேம் அனுப்பும். என்டிஎஸ்சி (NTSC) முறை என்றால் 29.97 அல்லது 59.94. ஓபிஎஸ் என்ற ஒளிபரப்பு மென்பொருளில் 60 என்று வைத்துவிட்டு 50 ஃபிரேம் கேமராவை இணைத்தால், நொடிக்கு 10 ஃபிரேம் இரட்டிக்கப்பட்டு அசைவு குதித்துக் குதித்து வரும். 59.94க்கும் 60க்கும் இடையிலும் 17 நொடிக்கு ஒருமுறை ஒரு சிறு துள்ளல் வரும். ஓபிஎஸ் அமைப்பிலேயே 29.97, 59.94 இரண்டும் இருக்கின்றன, கேமராவின் எண்ணையே அங்கும் வையுங்கள். சில கேமராக்களில் பால், என்டிஎஸ்சி மாற்றும்போது மெமரி கார்டை ஃபார்மேட் செய்யச் சொல்லும். அதிலுள்ளதை முன்பே நகலெடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, கலர் ரேஞ்ச். வீடியோவில் கருப்பு நிறத்தை 16 என்றும் வெள்ளையை 235 என்றும் அனுப்பும் முறை ஒன்று, 0 முதல் 255 வரை அனுப்பும் முறை இன்னொன்று. கேமரா ஒன்றை அனுப்பிக் கணினி மற்றொன்றாகப் படித்தால், கருப்பு சாம்பலாகி எல்லாமே வெளிறும். அல்லது எதிர்த்திசையில், நிழலில் உள்ள விவரம் முழுவதும் கருப்பில் மூழ்கும். ஓபிஎஸ்ஸில் வீடியோ கேப்சர் சோர்ஸின் பிராப்பர்ட்டீஸில் கலர் ரேஞ்சை ‘லிமிடெட்’, ‘ஃபுல்’ என மாற்றிப் பார்த்தால் எது சரி என்று கண்ணிலேயே தெரிந்துவிடும். கேமராவின் நிறம் சரியில்லை என்று ஃபில்டர் மேல் ஃபில்டராகப் போடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

கேபிள் நீளம்: யூஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டர் வரை, யூஎஸ்பி 3.0 சுமார் 3 மீட்டர் வரை. அதற்கு மேல் சிக்னல் பெருக்கி உள்ள ஆக்டிவ் கேபிள் வேண்டும். கேமராவைத் தள்ளி வைக்க வேண்டும் என்றால் யூஎஸ்பியை நீட்டாமல் எச்டிஎம்ஐயை நீட்டுங்கள்.

படி 7: தானாக மாறும் எல்லாவற்றையும் பூட்டுங்கள்

வெள்ளைக் காகிதத்தை எடுத்துக் காட்டியதும் முகம் இருண்டு போவது, நீலச் சட்டைக்காரர் உள்ளே வந்ததும் படம் முழுவதும் மஞ்சளடிப்பது, இரண்டும் ஆட்டோ அமைப்புகளின் வேலை. விளக்கு நிலையாக இருந்தால் ஆட்டோவுக்கு வேலையே இல்லை.

ஷட்டரை முதலில் பூட்டுங்கள். 30 ஃபிரேமுக்கு 1/60 நொடி பொதுவான தேர்வு. ஆனால் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் சில விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும், 1/60இல் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். அங்கே 1/50 அல்லது 1/100 வையுங்கள். 60 ஹெர்ட்ஸ் இடத்தில் 1/60 அல்லது 1/120. வெப்கேமில் இதற்கென ‘பவர்லைன் ஃப்ரீக்வென்சி’ என்ற தேர்வு உண்டு. விண்டோஸில் வெப்கேமின் எக்ஸ்போஷர் எண் இரண்டின் அடுக்காக ஓடும்: -5 என்றால் 1/32 நொடி, -6 என்றால் 1/64. இவற்றுக்கு நடுவே 1/50 கிடையாது. அதனால் வெப்கேம்காரர்கள் துடிக்காத எல்இடி விளக்கு வாங்குவதே நல்லது. சில விளக்குகள் முழு வெளிச்சத்தில் துடிக்காமல், டிம் செய்தால் மட்டும் துடிக்கும். வாங்கும்போது 20 சதவீதத்துக்கு இறக்கியும் கேமராவில் பார்த்துவிடுங்கள்.

அடுத்து ஒயிட் பேலன்ஸ், விளக்கின் கெல்வின் எண்ணிலேயே. பிறகு ஐஎஸ்ஓ அல்லது கெய்ன், எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு. கடைசியில், இடம் மாறாமல் உட்காருகிறவர் என்றால் ஃபோகஸையும் பூட்டலாம். யூஎஸ்பியைக் கழற்றி மாட்டினால் பல வெப்கேம்கள் இந்த அமைப்புகளை மறந்துவிடும். எண்களை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டி வையுங்கள்.

படி 8: ஒலியைப் படத்தோடு சேர்த்துக் கட்டுங்கள்

கேமராவில் உள்ள மைக்கைப் பயன்படுத்த வேண்டாம், ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் மைக் அறையின் எதிரொலியைத்தான் பிடிக்கும். தனி மைக், வாயிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டரில். பேசும்போது ஒலி அளவின் உச்சம் -12 முதல் -6 டெசிபலுக்குள் நிற்கட்டும். மாதிரி வீதம் (சாம்பிள் ரேட்) எல்லா இடத்திலும் 48 கிலோஹெர்ட்ஸ்.

மைக் ஒலி நேரே கணினிக்கு வந்துவிடும். படமோ கேமராவிலும் கேப்சர் கார்டிலும் தாமதமாகி வரும். உதடு பின்தங்கித் தெரிவது இதனால்தான். சரி செய்ய, ஓபிஎஸ்ஸில் கணினியிலேயே பதிவு செய்தபடி கேமரா முன் ஒருமுறை ஓங்கிக் கை தட்டுங்கள். அந்தப் பதிவை ஏதேனும் எடிட்டிங் மென்பொருளில் திறந்து, ஒலி எழும் இடத்துக்கும் கைகள் சேரும் ஃபிரேமுக்கும் இடையில் எத்தனை ஃபிரேம் என்று எண்ணுங்கள். 30 ஃபிரேமில் ஒன்று 33 மில்லிநொடி. நான்கு ஃபிரேம் என்றால் 133. இந்த எண்ணை அட்வான்ஸ்டு ஆடியோ பிராப்பர்ட்டீஸில் மைக்கின் சிங்க் ஆஃப்செட்டில் போடுங்கள். நேர் எண் ஒலியைத் தாமதப்படுத்தும். கேமராவையோ கார்டையோ தெளிவு அமைப்பையோ மாற்றினால் மறுபடி கை தட்ட வேண்டும்.

ஒன்றுக்கு மேற்பட்ட கேமரா

இரண்டு, மூன்று கேமராக்களை ஒரே கணினியில் யூஎஸ்பியாகக் குவிப்பதைவிட ஸ்விட்சர் (கேமராவுக்குக் கேமரா மாற்றும் கருவி) ஒன்று வைப்பது நிம்மதி. 2019இல் வந்த பிளாக்மேஜிக் ஏடெம் மினியில் நான்கு எச்டிஎம்ஐ உள்ளீடுகள். வெளியீடு யூஎஸ்பி சி வழியாக ஒரே வெப்கேம் போலக் கணினியில் தெரியும். மேடை, கூடம் போன்ற பெரிய இடம் என்றால் எச்டிஎம்ஐ தூரம் தாங்காது. பூட்டு முனை கொண்ட எஸ்டிஐ கேபிள் 1080பி 60 படத்தை நல்ல கேபிளில் 100 மீட்டர் அளவுக்குக் கொண்டுபோகும். எல்லாக் கேமராவும் ஒரே நிறுவனத்துடையதாக இருந்தால் தோல் நிறம் ஒத்துப்போகும். வேறுவேறு என்றால் ஒரே வெள்ளை அட்டையை முன்னே பிடித்து ஒவ்வொன்றிலும் கைமுறை ஒயிட் பேலன்ஸ் எடுங்கள்.

ஒளிபரப்புக்கு முன் முழுச் சோதனை

ஐந்து நிமிடச் சோதனை எதையும் காட்டாது. வெப்பம், மின்சாரம், இணையம் மூன்றும் நேரம் போகப்போகத்தான் சோதிக்கும். நிகழ்ச்சி இரண்டு மணி நேரம் என்றால் சோதனையும் இரண்டு மணி நேரம், யாருக்கும் தெரியாத தனிப்பட்ட ஒளிபரப்பாக, அதே அறையில், அதே விளக்கில், ஜன்னல் கதவு நிகழ்ச்சியன்று இருக்கப்போவது போலவே.

ஓபிஎஸ்ஸின் ஸ்டாட்ஸ் பலகத்தைத் திறந்து வையுங்கள். அதில் மூன்று எண்கள் தனித்தனியாக ஓடும், மூன்றுக்கும் நோய் வேறு, மருந்து வேறு. ரெண்டரிங் தாமதத்தால் தவறிய ஃபிரேம்கள் கூடினால் கிராஃபிக்ஸ் கார்டு திணறுகிறது. காட்சியில் உள்ள ஃபில்டர்களையும் அசையும் படங்களையும் குறையுங்கள், விளையாட்டின் ஃபிரேமுக்கு வரம்பு போடுங்கள். என்கோடிங் தாமதத்தால் விடுபட்டவை கூடினால் என்கோடருக்குச் சுமை அதிகம். பிரீசெட்டை வேகமானதாக மாற்றுங்கள் அல்லது 60ஐ 30 ஆக்குங்கள். நெட்வொர்க்கில் கைவிடப்பட்டவை கூடினால் இணையம்தான் காரணம். பிட்ரேட்டை 500, 500 ஆக இறக்கிக்கொண்டே வாருங்கள், வைஃபையில் இருந்தால் கேபிளுக்கு மாறுங்கள். நெட்வொர்க்கில் ஃபிரேம் விழும்போது புதுக் கேமரா வாங்குவதால் எதுவும் மாறாது.

பதிவை உங்கள் பெரிய திரையில் மட்டும் பார்க்காமல் போனிலும் பாருங்கள். பார்வையாளர்களில் பெரும்பகுதியினர் போனில்தான் பார்ப்பார்கள் என்றால், அங்கே எழுத்து படிக்க முடிகிறதா, முகம் போதிய அளவில் தெரிகிறதா என்பதே முக்கியம்.

மாற்று ஏற்பாடும் இந்தச் சோதனையில் அடங்கும். பழைய வெப்கேமைத் தூக்கிப் போடாமல், தனி யூஎஸ்பி போர்ட்டில் செருகி, ஓபிஎஸ்ஸில் தனிக் காட்சியாக வைத்து, ஒரு ஹாட்கீ ஒதுக்குங்கள். சோதனையின் நடுவில் முதன்மைக் கேமராவின் கேபிளை வேண்டுமென்றே பிடுங்கி, எத்தனை நொடியில் மாற்றுக் கேமராவுக்கு வர முடிகிறது என்று பாருங்கள். கேபிளை மறுபடி செருகியதும் கேப்சர் கார்டு தானாக உயிர் பெறுகிறதா, அல்லது சோர்ஸை ஒருமுறை அணைத்துப் போட வேண்டியிருக்கிறதா என்பதையும் அப்போதே தெரிந்துகொள்ளுங்கள். ரூட்டர், கணினி, டம்மி பேட்டரியின் அடாப்டர் மூன்றும் யூபிஎஸ்ஸில் இருக்கட்டும். கேமரா மட்டும் யூபிஎஸ்ஸில் இருந்து ரூட்டர் வெளியே இருந்தால் மின்சாரம் போன நொடியே ஒளிபரப்பு அறுந்துவிடும்.